மருந்து கேட்டதா என்று எந்த எண்ணைப் பார்த்துச் சொல்வது?

நான் லேப்பில் வேலை பார்ப்பவள். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், அதில் நடுத்தரமான ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். காலையில் ஷட்டரைத் தூக்கினால் சர்க்கரை பார்க்க வருபவர்கள்தான் முதல் கூட்டம். காய்ச்சல் குழந்தைகள் பத்து மணிக்கு மேல் வரும். இத்தனை வருஷம் ரிப்போர்ட் அடித்துக் கொடுத்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். எண்ணைவிட, அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு பக்கத்தில் நாங்கள் வைக்கும் நட்சத்திரக் குறிதான் வீட்டுக்காரர்களிடம் அதிகம் பேசுகிறது. தாளை வாங்கியதும் கண் தேடுவது அதைத்தான். போன முறை தடித்திருந்தது இந்த முறை சாதா எழுத்தில் வந்துவிட்டால் நிம்மதி. புதிதாக ஒன்று தடித்துவிட்டால் கவுன்ட்டரிலேயே முகம் மாறிவிடும். பெரும்பாலான நோய்களில் இதனால் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது. கவாசாகி நோயில் அப்படி இல்லை. சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வந்து ரத்தக்குழாய்களை, முக்கியமாக இதயத்தின் குழாய்களை, அழற்சியால் கெடுக்கும் நோய் அது. தம்பி மகனுக்கு அது வந்தபோது கூடவே இருந்து பார்த்தேன். குழந்தை இப்போது நன்றாக ஓடியாடித் திரிகிறான், ஆனாலும் அந்தத் தாள்களைப் பற்றிய யோசனை மட்டும் என்னை விடவில்லை.

பயலுக்கு அப்போது ஒண்ணேகால் வயது, எடை பத்து கிலோ. காய்ச்சல் வந்தது, விடவில்லை. முதலில் வைரஸ் என்றார்கள். அப்புறம் ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பியதும், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அதை நிறுத்தி வேறு கொடுத்தார்கள். கண் இரண்டும் சிவந்திருந்தது, ஆனால் பீளை இல்லை. உதடு வெடித்து ரத்தக் கோடு தெரிந்தது. தூக்கினாலும் அழுகை, கீழே விட்டாலும் அழுகை. எங்கள் அம்மாதான், அவனுடைய அப்பத்தா, ஈரத்துணியால் துடைத்துவிடும்போது இடது தோளைத் திருப்பிக் காட்டினார். "பிறந்தப்போ போட்ட ஊசித் தழும்பு, எப்பவோ ஆறிப்போனது. இப்ப என்னடி புதுசாப் போட்ட மாதிரி செவந்து வீங்கி நிக்குது?"

மதுரையில் நாங்கள் காட்டிய குழந்தை மருத்துவர் அந்தத் தழும்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட இடம் இப்படித் திரும்பச் சிவப்பது கைக்குழந்தைகளிடம் கவாசாகிக்கு நல்ல துப்பு. அமெரிக்காவில் பிசிஜி வழக்கமாகப் போடுவதில்லை, அதனால் இந்த நோயைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருக்கும் ஐந்து அடையாளப் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஜப்பானில் போடுகிறார்கள், 2020ல் அவர்கள் வரையறையைத் திருத்தியபோது தோல் தடிப்பு என்ற அடையாளத்துக்குள் இதையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊரில் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் இடது தோளில் அந்த ஊசி விழுகிறது. ஒரு வாரக் காய்ச்சலோடு வரும் குழந்தையின் சட்டையைக் கழற்றி அந்தத் தழும்பை ஒருமுறை பார்க்கச் செலவே கிடையாது. இதை நம் ஊர் டாக்டர்களுக்கும் பெற்றோர்களுக்கும் எவ்வளவு சொன்னாலும் தகும்.

முதல் தாள்

கேனுலா போடும்போதே ரத்தம் எடுத்துவிட்டார்கள். காய்ச்சலின் ஆறாம் நாள். சிஆர்பி லிட்டருக்கு 142 மில்லிகிராம், இஎஸ்ஆர் 78, வெள்ளணு 18,900, ஹீமோகுளோபின் 9.6, ஆல்புமின் 2.9, சோடியம் 134, பிளேட்லெட் 3.9 லட்சம். கல்லீரல் என்சைம்களும் கொஞ்சம் ஏறியிருந்தன. சிஆர்பியும் இஎஸ்ஆரும் உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் எண்கள். கவாசாகிக்கென்று தனியாக ஒரு டெஸ்ட் கிடையாது. இந்த எண்களில் எது ஒன்றும் அதற்கே உரியதல்ல. நல்ல சளிக்காய்ச்சலிலோ சிறுநீர்த் தொற்றிலோ இவற்றில் பாதி வரும். அடையாளங்கள் முழுசாக இருந்தால் ரத்தம் இல்லாமலேயே நோயைச் சொல்லிவிடலாம். அடையாளம் இரண்டு மூன்றுதான் தெரிகிறது, காய்ச்சலோ ஐந்து நாளைத் தாண்டிவிட்டது என்னும்போதுதான் ரத்தம் முன்னுக்கு வருகிறது. அமெரிக்க இதய சங்கத்தின் வழிமுறைப்படி சிஆர்பி 30க்கோ இஎஸ்ஆர் 40க்கோ குறையாமல் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வயதுக்குக் குறைவான ஹீமோகுளோபின், ஆல்புமின் 3 அல்லது அதற்குக் கீழ், ஏறிய எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம், வெள்ளணு 15,000க்குக் குறையாமல், ஏழாம் நாளுக்குப் பிறகு பிளேட்லெட் நாலரை லட்சத்துக்குக் குறையாமல், சிறுநீரில் வெள்ளணுக்கள் என்று ஆறு விஷயம் பார்ப்பார்கள். மூன்று இருந்தால், எக்கோ என்ற இதய ஸ்கேன் எப்படி இருந்தாலும் சிகிச்சை.

கவனித்தால், அந்த ஆறில் ஒன்றுக்கு மட்டும் "ஏழாம் நாளுக்குப் பிறகு" என்று நாள் ஒட்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்குமே ஒட்ட வேண்டும்.

எக்கோவில் இதயத்தின் ரத்தக்குழாய்கள் அப்போதைக்குச் சரியாக இருந்தன. ஐவிஐஜி கொடுப்பதென்று முடிவானது. கிலோவுக்கு 2 கிராம், ஆக 20 கிராம், ஐந்து கிராம் பாட்டில் நான்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்த பிளாஸ்மாவைத் திரட்டி எடுக்கும் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடிகள் அது. விலையைச் சொன்னபோது தம்பி எதுவும் பேசாமல் வெளியே போய் யாருக்கோ போன் போட்டான். சாயங்காலம் ஆரம்பித்த டிரிப் விடிகிற வரைக்கும் சொட்டியது. கால் மணிக்கு ஒருமுறை, அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து நாடியும் காய்ச்சலும் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தார். அந்தச் சூட்டு அட்டை கட்டில் கம்பியில் தொங்கியது. அதன் மதிப்பு எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இஎஸ்ஆர் ஏறிய நாள்

மருந்து முடிந்து ஒன்றரை நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நான் அன்றைக்கு ஊருக்கு வந்து வேலையில் இருந்தேன். மத்தியானம் தம்பி வாட்ஸப்பில் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினான், அனுப்பிய கையோடு போனும் வந்துவிட்டது.

"அக்கா, இஎஸ்ஆர் பாத்தியா? 78 இருந்தது 112க்குப் போயிருச்சு. மருந்து கேக்கலையாக்கா? அம்புட்டுக் காசும் போச்சா?"

தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிஆர்பி 142லிருந்து 58க்கு இறங்கியிருந்தது. வெள்ளணு குறைந்திருந்தது. இஎஸ்ஆர் மட்டும் 112, தடித்த எழுத்தில், பக்கத்தில் குறியோடு. எங்கள் லேப்பில் வந்திருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்போம். மெஷினில் உச்சவரம்பு ஒன்று பதிந்திருக்கிறது, அதைத் தாண்டினால் குறி தானாக விழும்.

இஎஸ்ஆர் மாதிரி எளிமையான சோதனை லேப்பில் வேறு இல்லை. நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். வெஸ்டர்கிரன் குழாயில் சைபர் கோடு வரை ஏற்றி, ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, ஒரு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். ஃபேன் காற்று படக்கூடாது, மேஜை ஆடக்கூடாது, குழாய் கொஞ்சம் சாய்ந்தாலும் எண் மாறிவிடும். மேலே தெளிந்த மஞ்சள், கீழே சிவப்பு. சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதுதான் விடை. சிவப்பணுக்களின் மேல் இருக்கும் மின்னேற்றம் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் ஃபைப்ரினோஜென் கூடினால் அந்தத் தள்ளல் குறைந்து, அணுக்கள் காசு அடுக்கின மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, கனம் கூடி, சீக்கிரம் இறங்கும். அழற்சி வந்தால் ஃபைப்ரினோஜென் கூடும், அதனால் இஎஸ்ஆர் ஏறும். இதே வேலையை இன்னொரு புரதமும் செய்யும். அதுதான் இம்யூனோகுளோபுலின்.

பயலுக்கு அந்த ராத்திரி முழுக்க ஏற்றியது அதைத்தான். அந்த வயதுக் குழந்தையின் ரத்தத்தில் இயல்பாக ஓடுவதைப்போலப் பல மடங்கை ஒரே இரவில் நரம்பு வழியாக உள்ளே விட்டிருக்கிறார்கள். குழாயில் சிவப்பு வேகமாக இறங்காமல் வேறு என்ன செய்யும்? அந்த 112 குழந்தையின் நோயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பாட்டிலில் இருந்தது உடம்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னது. ஐவிஐஜி கொடுத்தபின் மருந்து கேட்டதா என்று பார்க்க இஎஸ்ஆரைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க இதய சங்கத்தின் 2017 வழிமுறையில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அந்த இம்யூனோகுளோபுலின் பாதியாகக் குறையவே மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரைக்கும் இஎஸ்ஆர் அதன் செல்வாக்கில்தான் நிற்கும்.

சிஆர்பி அப்படியில்லை. கல்லீரல் அதைச் செய்வது அழற்சிச் செய்தி வந்துகொண்டிருக்கும் வரைக்கும்தான். செய்தி நின்றால் உற்பத்தி நிற்கும், ரத்தத்தில் இருப்பது ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இம்யூனோகுளோபுலின் வந்து அதில் கலப்படம் செய்யாது. 142 என்பது 58 ஆனது நல்ல இறக்கம்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பாதிதான் கேட்டிருப்பான் என்று குரலிலேயே தெரிந்தது. சாயங்காலம் நான் மதுரை போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ரவுண்ட்ஸ் வந்திருந்தார். தம்பி தாளை நீட்டினான். அவர் அதைக் கையில் வாங்கினார், ஆனால் பார்க்கவில்லை. கட்டில் கம்பியில் தொங்கிய சூட்டு அட்டையைத்தான் எடுத்தார். விரலை வைத்து வரிசையாக இறக்கிக்கொண்டே வந்தார். மருந்து முடிந்த நேரத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. அதற்குப் பிறகு 36 மணி நேரத்தில் இன்னொரு கோடு. "இந்த ரெண்டாவது கோட்டுக்கு அப்புறம் சூடு ஏறுச்சா?" என்று நர்ஸிடம் கேட்டார். இல்லை என்றார் நர்ஸ். "பாராசிட்டமால் எதுவும் கொடுத்தீங்களா?" என்று தம்பி மனைவியிடம் கேட்டார். கொடுக்கவில்லை என்றதும்தான் ரத்த ரிப்போர்ட்டைப் பிரித்தார்.

அந்த இரண்டு கேள்விகளில்தான் என் மனசு அப்படியே நின்றுவிட்டது. ஐவிஐஜி ஏறும்போதே சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். மருந்தாலும் வரும், அடங்காத நோயாலும் வரும். அதனால்தான் முடிந்து 36 மணி நேரம் பொறுக்கிறார்கள். அதற்குப் பிறகும் சூடு இருந்தாலோ, இறங்கிய சூடு திரும்ப வந்தாலோ, மருந்து கேட்கவில்லை என்று பொருள். பத்தில் ஒன்று இரண்டு குழந்தைகளுக்கு அப்படி ஆகிறது. இந்த நேரத்தில் வீட்டுப் பழக்கத்தில் உடம்பு லேசாகச் சுடுவதுபோல இருக்கிறதே என்று ஒரு மூடி சிரப்பைக் கொடுத்துவிட்டால், இருப்பதிலேயே முக்கியமான தகவல் மறைந்துபோகும். தெர்மாமீட்டர் சொல்லும் அந்த விடைக்கு எங்கள் லேப்பில் மாற்றே இல்லை.

ஜப்பானில் போட்ட மதிப்பெண்

அன்றைக்கு ராத்திரி தம்பி தூங்காமல் போனில் தேடியிருக்கிறான். மருந்து கேட்காத குழந்தைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஒரு பட்டியல் அவன் கண்ணில் பட்டுவிட்டது. அதில் "சிஆர்பி 10க்கு மேல்" என்று இருந்தது. நம் பயலுக்கு 142. பதினாலு மடங்கு என்று கணக்குப் போட்டு நடுங்கிப்போயிருந்தான். அந்தப் பட்டியலில் அளவு டெசிலிட்டருக்கு. நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் லிட்டருக்குத்தான் எழுதுகிறோம். அவர்களுடைய 10 நமக்கு 100. பயலுடைய 142 அவர்கள் கணக்கில் 14.2. வரம்பைத் தாண்டியதுதான், ஆனால் பதினாலு மடங்கு இல்லை. அலகு எழுதாத சிஆர்பி ரிப்போர்ட் எங்கேயாவது கண்ணில் பட்டால் எனக்குக் கோபமே வருகிறது.

அவன் பார்த்தது ஜப்பானில் கோபயாஷி குழுவினர் 2006ல் வெளியிட்ட மதிப்பெண் முறை. அது என்னை வேறு விதத்தில் யோசிக்க வைத்தது. எல்லாரும் பதறும் சிஆர்பிக்கு அதில் ஒரே ஒரு புள்ளிதான். சோடியம் 133 அல்லது அதற்குக் கீழ் என்றால் இரண்டு புள்ளி. எஸ்ஜிஓடி என்ற இன்னொரு கல்லீரல் என்சைம் 100ஐத் தொட்டால் இரண்டு. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை 80 சதவீதத்துக்குக் குறையாவிட்டால் இரண்டு. காய்ச்சல் நான்காம் நாளுக்குள்ளேயே சிகிச்சை தேவைப்பட்டால் இரண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒன்று, பிளேட்லெட் மூன்று லட்சத்தைத் தாண்டாவிட்டால் ஒன்று. சோடியத்தை நாங்கள் ஒரு சாதாரண எண்ணாகத்தான் பார்க்கிறோம். 132 வந்தால் யாரும் பதறி போன் செய்வதில்லை. இந்த நோயில் அது குறைவது, அழற்சியின் கடுமையைச் சொல்லும் அடையாளங்களில் ஒன்று.

பிளேட்லெட் கதை இன்னும் விசித்திரம். முதல் வாரத்தில் குறைவாக இருந்தால் ஆபத்துப் புள்ளி. அதே குழந்தைக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ஏழு லட்சம், எட்டு லட்சம் என்று போகும், அது எதிர்பார்த்ததே. வீட்டுக்குப் போனபின் எங்கள் லேப்பிலேயே பயலுக்கு எடுத்தபோது 7.8 லட்சம் வந்தது, தடித்த எழுத்தில். அந்த நாளில்தான் விரல் நுனியில் நகத்தை ஒட்டித் தோல் உரிய ஆரம்பித்திருந்தது. சாம்பிள் எடுக்கும்போது பூச்சிக்கூடு மாதிரி மெல்லிய தோல் என் கையுறையில் ஒட்டிக்கொண்டது. இரண்டுமே நோய் தன் வழியில் நடந்து முடிகிறது என்பதற்கான தேதிக் குறிப்புகள். எழுபத்தைந்து மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரையில் பாதியை நுணுக்கி தினமும் கொடுத்துக்கொண்டிருந்ததும் அந்தப் பிளேட்லெட்டுகள் கூடி ரத்தத்தை உறைய வைத்துவிடக் கூடாது என்றுதான்.

மறுபடி அந்த மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ஜப்பானியக் குழந்தைகளிடம் அது நன்றாக வேலை செய்தது. மருந்து கேட்காமல் போன நான்கு பேரில் ஏறத்தாழ மூன்று பேரை முன்னமே காட்டிக்கொடுத்தது. அதை வைத்துத்தான் அங்கே ரெய்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. ஆபத்து அதிகம் என்று மதிப்பெண் காட்டிய குழந்தைகளுக்கு ஐவிஐஜியோடு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2012ல் முடிவு வந்தது. ஐவிஐஜி மட்டும் பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்கு இதயக் குழாய்க் கோளாறு, ஸ்டீராய்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 3 சதவீதத்தினருக்கு. எவ்வளவு பெரிய வித்தியாசம்! ஆனால் அதே மதிப்பெண்ணை வட அமெரிக்கக் குழந்தைகளிடம் போட்டுப் பார்த்தபோது, மருந்து கேட்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கண்டுபிடித்தது. மற்றவர்கள் "ஆபத்து குறைவு" என்ற பெயரில் கடந்துபோனார்கள்.

நம் பயலுக்கு அந்தக் கணக்கில் ஒரே ஒரு புள்ளி. தம்பியிடம் அதைச் சொல்லி ஆறுதல்படுத்த மனசு வரவில்லை. டோக்கியோவில் தேறிய கணக்கு போஸ்டனில் தேறாதபோது மதுரையில் தேறும் என்று நான் எந்தத் தைரியத்தில் சொல்வது? இப்போது பல இடங்களில், முதல் எக்கோவிலேயே இதயக் குழாய் விரிந்திருந்தால், அல்லது குழந்தை ஆறு மாதத்துக்குக் கீழ் என்றால், மதிப்பெண்ணுக்குக் காத்திராமல் முதல் நாளே இரண்டாவது மருந்தையும் சேர்க்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படுகிறது. கேள்வியே குழாயைப் பற்றியது, அதனால் குழாயையே பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

எண் இறங்கியும்

பக்கத்து அறையில் ஒரு கைக்குழந்தை இருந்தது. ஐந்து மாதம். தடிப்பு இல்லை, உதடு வெடிக்கவில்லை. காய்ச்சலும் ஓயாத அழுகையும் மட்டும்தான். அந்த வயதில் கவாசாகி இப்படித்தான் ஒளிந்துகொண்டு வரும். குழாய் வீக்கம் வரும் வாய்ப்பும் அந்த வயதில்தான் அதிகம். அதற்கும் ஐவிஐஜி முடிந்து சிஆர்பி இறங்கியிருந்தது. அந்த அம்மா வராந்தாவில் என்னிடம் தாளைக் காட்டி, "கொறஞ்சிருக்குல்லம்மா? நீங்க லேப்ல இருக்கீங்களாமே" என்று கேட்டார். குறைந்துதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது. விடிந்ததும் எக்கோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடது குழாய் விரிய ஆரம்பித்திருந்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற இரண்டாவது மருந்தைப் போட்டார்கள்.

இந்த நோயின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. தொமிசாகு கவாசாகி 1961 ஜனவரியில் டோக்கியோவில் முதல் குழந்தையைப் பார்த்தார், 1967ல் ஐம்பது குழந்தைகளைப் பற்றி எழுதினார். அப்போது இது தானாக ஆறிவிடும் நோய் என்றே நினைத்தார்கள். 1970ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோதுதான், நோய் ஆறிய மாதிரி இருந்த குழந்தைகளில் சிலர் திடீரென்று இறந்திருப்பது தெரிந்தது. உடலைத் திறந்து பார்த்தால் இதயக் குழாயில் வீக்கமும் உறைந்த ரத்தமும். காய்ச்சல் போய், தடிப்பு போய், தோல் உரிந்து முடிந்த பிறகு. பின்னால் 1984ல் ஜப்பானில் ஐவிஐஜி வந்தது. சிகிச்சையில்லாமல் நான்கில் ஒரு குழந்தைக்கு வந்துகொண்டிருந்த குழாய் வீக்கம், நேரத்தில் மருந்து கொடுத்தால் நூற்றில் நான்கைந்து என்ற அளவுக்கு இறங்கியது. எத்தனை குழந்தைகளின் உயிர் அது!

இன்னொரு தகவல் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. 2017ல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். டோசிலிசுமாப் என்ற மருந்து, அழற்சிச் செய்தியைக் கொண்டுபோகும் இன்டர்லூக்கின் 6 என்ற புரதத்தைத் தடுக்கும். கல்லீரலைச் சிஆர்பி செய்யச் சொல்லி ஏவுவதே அந்த இன்டர்லூக்கின்தான். கவாசாகி வந்த நான்கு குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார்கள். காய்ச்சலும் அழற்சியும் சட்டென்று அடங்கின. அப்படியும் நான்கில் இரண்டு குழந்தைகளுக்குக் குழாய் வீக்கம் வந்தது. நான்கு பேரை வைத்துப் பெரிய முடிவு எதுவும் சொல்லிவிட முடியாது, ஆனால் எங்கள் மாதிரி லேப் ஆட்களுக்கு இதில் கவனிக்க நிறைய இருக்கிறது. சிஆர்பி என்பது கல்லீரலின் பதில். அந்தப் பதிலை வாயடைத்துவிட்டாலும் ரத்தக்குழாயின் சுவருக்குள் வேறு வழியில் வேலை நடந்துகொண்டே இருக்கலாம். அதனால்தான் எண்கள் எல்லாம் சாதா எழுத்துக்குத் திரும்பிய பிறகும் ஒன்றிரண்டு வாரத்தில் ஓர் எக்கோ, நான்கிலிருந்து ஆறு வாரத்தில் இன்னொரு எக்கோ என்று கூப்பிடுகிறார்கள். "ரத்தம் நார்மல் ஆயிருச்சே, எதுக்கு இன்னொரு செலவு" என்று இரண்டாவது எக்கோவுக்குப் போகாமல் விடுபவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து போய்விடுங்கள்.

படிவத்தில் ஒரு கட்டம்

ஐவிஐஜியின் நிழல் இஎஸ்ஆரோடு நிற்பதில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் ஓடுவதால், அதற்குப் பிறகு எடுக்கும் எந்த ஐஜிஜி ஆன்டிபாடி டெஸ்ட்டும் யாரோ ஒருவருக்கு எப்போதோ வந்த நோயைக் குழந்தைக்கு வந்ததாகக் காட்டக்கூடும். அப்படிப்பட்ட சாம்பிளை டிரிப் ஏறுவதற்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். குழந்தையின் ரத்தவகை ஏ, பி, ஏபி என்றால் அந்த ஆன்டிபாடிகளே சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினை இறக்கவும் செய்யலாம். ஒரு வாரத்துக்குள் எண் மளமளவென்று இறங்கினால் இரும்புச்சத்துக் குறைவு என்று சிரப் எழுதிவிட்டுப் போய்விடக் கூடாது. தடுப்பூசியிலும் இதே கதைதான். பதினாறாம் மாதம் இரண்டாவது எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிக்குக் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். ஐவிஐஜி வாங்கிய குழந்தைக்குத் தட்டம்மை ஊசியைப் பதினோரு மாதம் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் கடன் வாங்கிய ஆன்டிபாடி ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும். டிஸ்சார்ஜ் தாளைக் காட்டியதும் அட்டையில் புதுத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார். முத்தடுப்பு ஊசிக்கும் போலியோ சொட்டுக்கும் அந்தத் தடை இல்லை, அவற்றை அப்போதே போட்டுவிட்டார்.

அந்தச் செவிலியர் அட்டையில் தேதியைச் சேர்த்தார். என் லேப் படிவத்தில் அதற்கு இடமே இல்லை. பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த டாக்டர் அனுப்பினார், அவ்வளவுதான் கேட்கிறோம். 7.8 லட்சம் பிளேட்லெட் காய்ச்சலின் ஐந்தாம் நாளிலா, பதினெட்டாம் நாளிலா என்பது ரிப்போர்ட்டில் எங்கும் இருக்காது. இஎஸ்ஆர் 112 ஐவிஐஜிக்கு முன்னாலா பின்னாலா என்பதும் இருக்காது. என் எண்ணம் இதுதான்: காய்ச்சல் குழந்தையின் ரத்த ரிப்போர்ட்டில் நோயின் நாள் என்பது ஏதோ கூடுதல் குறிப்பு இல்லை, எண்ணின் பாதியே அதுதான். நாள் இல்லாத எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டுக் கொடுப்பது, பெற்றவர்களைத் தேவையில்லாத இடத்தில் பதறவும் பதற வேண்டிய இடத்தில் நிம்மதியாகத் தூங்கவும் வைக்கிறது.

எங்கள் உரிமையாளரிடம் பேசினேன். முதலில், யார் இதையெல்லாம் கேட்டு எழுதுவது, காலை நேரத்தில் வரிசை நிற்கும் என்றார். குழந்தைகளுக்கு மட்டுமாவது என்றேன். ஒத்துக்கொண்டார். பன்னிரண்டு வயது வரைக்குமான சாம்பிள்களுக்கு இப்போது இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறோம்: காய்ச்சல் எத்தனாவது நாள், கடந்த மூன்று மாதத்தில் இம்யூனோகுளோபுலின் ஏறியதா, ஏறியிருந்தால் எந்தத் தேதி. இரண்டாவதற்கு "ஆம்" என்றிருந்தால் இஎஸ்ஆரில் நட்சத்திரக் குறி விழாமல் சாஃப்ட்வேர்க்காரர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். குறிக்குப் பதில், மருந்தின் தாக்கம் இருக்கலாம், மருத்துவரைக் கேளுங்கள் என்று ஒரு வரி வரும். ஊரிலுள்ள குழந்தை டாக்டர்களில் ஒருவர் போன் செய்து, சிஆர்பிக்கு அலகைப் பெரிதாகப் போடச் சொன்னார், அதையும் செய்தாயிற்று. மற்றவர்கள் இன்னும் பழைய சீட்டிலேயே எழுதி அனுப்புகிறார்கள். அவர்களிடமிருந்து வரும் குழந்தைகளுக்கு ஊசி குத்துவதற்கு முன் நானே அம்மாக்களிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். காய்ச்சல் ஆரம்பித்த கிழமையை அவர்கள் யாரும் மறப்பதே இல்லை.